கழுவக் கூடாத ஜாடி

என் மாமா ஒரு வேலையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார் என்றால் அது அவர் தலையோடு நிற்காது. அம்மாவின் தலைக்கு வரும், அங்கிருந்து அப்பாவின் தலைக்குப் போகும், கடைசியில் பள்ளிக்கூடம் விட்டுப் பசியோடு வந்து நிற்கிற என் தலையிலும் விழும். அப்படி வந்து விழுந்ததுதான் அந்தக் கண்ணாடி உருண்டையும் தூசி ஜாடியும்.

மாமா அம்மாவின் தம்பி. விமான நிலையத்துப் பக்கம் இருந்த ஒரு வானிலை ஆபீசில் வேலை பார்த்தார். மழை எவ்வளவு பெய்தது, காற்று எந்தத் திசையில் அடித்தது, வெயில் எப்போது வந்து எப்போது போனது என்றெல்லாம் பார்த்துக் குறித்துவைக்கிற உத்தியோகம். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. அவர் வீட்டுக்கு வந்திருக்கும்போது "இன்னிக்கு நல்ல வெயில்" என்று யாரும் சும்மா சொல்லிவிட முடியாது. எவ்வளவு நல்ல வெயில் என்று கேட்பார். பதில் தெரியாமல் நாம் விழித்தால் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அப்போது நாங்கள் சிங்கப்பூரில் தேக்காவுக்குப் பக்கத்தில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் குடியிருந்தோம். ஐம்பதுகளின் கடைசி. எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். கீழே மசாலா மில், மேலே நாங்கள். கட்டடம் மில் முதலாளியுடையது. அப்பா அந்த மில்லில்தான் அரவை மெஷினைப் பார்த்துக்கொண்டார்; வேலையோடு சேர்ந்து வந்த வீடு அது. காலையில் மிளகாய் அரைப்பார்கள், பிறகு மல்லி, மத்தியானத்துக்குமேல் மஞ்சள். அப்பா மாடி ஏறி வரும்போது என்ன நிறத்தில் வருகிறார் என்பதை வைத்தே பொழுதைச் சொல்லிவிடலாம். சந்துக்குப் புதிதாக வருகிறவர்கள் தும்மிக்கொண்டே நடப்பார்கள். எங்களுக்குத் தும்மல் வராது, பழகிப்போய்விட்டது. அம்மாவுக்கு மட்டும் பழகவே இல்லை.

அம்மாவுக்கு இளைப்பு. கீழே மிளகாய் அரைக்கத் தொடங்கினால் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, ஈரத் துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சமைப்பாள். அப்படியும் பலகைத் தரையின் இடுக்கு வழியாகக் காரம் ஏறி வரும். மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டால் எண்ணெய் போடாத கதவைத் திறக்கிற மாதிரி நெஞ்சுக்குள் ஒரு கீச்சுச் சத்தம். எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டால் பயம். பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும். காதைப் பொத்திக்கொண்டு வாய்ப்பாட்டைக் கத்திக் கத்திப் படிப்பேன். ஆஸ்பத்திரியில் காட்டியபோது டாக்டர் மருந்தோடு ஒரு யோசனையும் சொன்னாராம், தூசி இல்லாத இடமாகப் பார்த்துக் குடிபோங்கள் என்று. அவருக்கென்ன, வாயால் சொல்லிவிட்டார் என்று அப்பா அலுத்துக்கொண்டார். நாங்கள் எதற்காகக் குடிபோக வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. மில்லை மூடிவிட்டால் தீர்ந்தது.

முதலாளியும் அதற்குத் தயாராக இருப்பதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வயதானவர், பிள்ளைகளெல்லாம் ஊரில் இருந்தார்கள். நகரசபையிலிருந்து யாராவது வந்து, இதை இடி, அதைக் கட்டு என்று சொல்லிவிட்டுப் போனால் போதும், கடை முன்னால் ஐந்தடி நடை என்கிற தாழ்வாரத்தில் நின்று சந்துக்கே கேட்கும்படி கத்துவார். "இன்னொரு வாட்டி எவனாச்சும் வரட்டும், மில்ல மூடிட்டு நான் கப்பல் ஏறிடுவேன்!" அவர் கத்தும்போதெல்லாம் அப்பா குனிந்த தலை நிமிராமல் மெஷினைத் துடைத்துக்கொண்டிருப்பார். நான் மேலே ஜன்னலில் நின்று, அந்தக் கப்பல் சீக்கிரம் வரவேண்டும் என்று கும்பிட்டுக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். சாப்பிட்ட கை காய்வதற்குள் ஆரம்பித்துவிட்டார். அவருடைய ஆபீஸ் துரை, டவுனுக்குள் எவ்வளவு வெயில் கீழே வந்து சேருகிறது, காற்றிலிருந்து எவ்வளவு தூசி விழுகிறது என்று அளந்து பார்க்க ஆசைப்படுகிறாராம். தெம்பனிஸ் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஓர் இடம் பார்த்தாகிவிட்டது. டவுனுக்குள்ளும் ஒரு திறந்த மாடி வேண்டும். எங்கள் பின்கட்டுக்கு மேலே சின்னதாக ஒரு சிமென்ட் மாடி உண்டு. துணி காய்வதும் வடகம் காய்வதும் அங்கேதான். "நம்ம வீட்டு மாடியத்தான் சொல்லியிருக்கேன்" என்றார் மாமா. கேட்டுவிட்டுச் சொன்னாயா, சொல்லிவிட்டுக் கேட்கிறாயா என்று அம்மா கேட்டாள். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

துரைக்கு அது ஆராய்ச்சி. மாமாவுக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. கீழே கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு அப்பாவிடம் சொன்னார்.

"ஜாடியில விழுற தூசிய மாசக் கடைசியில எடை போட்டுப் பார்ப்பாங்க அத்தான். இங்க விழுறதப் பார்த்தா துரை மிரண்டுடுவார். அவர் நகரசபைக்கு ஒரு வார்த்தை எழுதினார்னா போதும், மில்ல டவுன விட்டே கிளப்பிடுவாங்க. புக்கிட் பாத்தோக் கல்லு மலைப் பக்கம் கொண்டுபோய் வச்சுக்கட்டும்."

"முதலாளி அங்கெல்லாம் போகமாட்டார் மாப்ளே."

"போகலேன்னா மூடட்டும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்கு அப்போதும் லேசாக இழுத்துக்கொண்டுதான் இருந்தது. "மூடட்டும்" என்று அப்பாவும் சொன்னார். அம்மா எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். மாமாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. முதல்முறையாக அவர் உருப்படியாக ஒரு காரியம் செய்யப்போகிறார்.

முதலாளியிடம், இது வெயில் அளக்கிற மெஷின், கவர்மெண்ட் சாமான் என்று மட்டும் சொல்லப்பட்டது. தன் கட்டடத்தின்மேல் கவர்மெண்ட் சாமான் இருப்பதில் அவருக்குப் பெருமை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடி ஏறி வந்து பார்த்தார். மிளகாய் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார்.

உருண்டை என்னவோ அழகாகத்தான் இருந்தது. பெரிய கமலாப்பழம் அளவில், உள்ளே ஒரு குமிழிகூட இல்லாத கெட்டிக் கண்ணாடி. அதை ஓர் உலோகத் தாங்கியில் உட்கார வைத்திருந்தார்கள். உருண்டைக்குப் பின்னால் வளைவாக ஒரு பள்ளம்; அதில் தினம் ஒரு நீல அட்டையைச் செருக வேண்டும். அட்டையில் மணிக்கோடுகள் போட்டிருக்கும். வெயில் உருண்டைக்குள் புகுந்து ஒரே புள்ளியாகக் குவிந்து அட்டையைச் சுடும். சூரியன் நகர நகர, சுட்ட புள்ளியும் நகர்ந்து கோடாகும். மேகம் வந்து மறைத்தால் கோடு அறுந்துபோகும். மாலையில் அட்டையை எடுத்துப் பார்த்தால் அன்றைக்கு எவ்வளவு நேரம் வெயில் அடித்தது என்பது தெரிந்துவிடும். மாமாவிடம் இனி யாரும் சும்மா "நல்ல வெயில்" என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜாடி அதற்குப் பக்கத்தில் ஒரு முக்காலியின்மேல் நின்றது. வாய் அகன்ற கண்ணாடி ஜாடி, அடியில் கொஞ்சம் தண்ணீர். காக்கை உட்காராமல் இருக்கச் சுற்றிலும் கம்பி வளையம். மாதம் முழுக்க அது பாட்டுக்கு அப்படியே நிற்க வேண்டும். மழையோ புகையோ மிளகாய்த் தூளோ, வானத்திலிருந்து எது விழுந்தாலும் விழட்டும். மாதக் கடைசியில் எடுத்துக்கொண்டு போய் வற்றவைத்து, மிஞ்சியதை நிறுத்துப் பார்ப்பார்கள்.

"அக்கா, நல்லா கேட்டுக்க" என்று மாமா விரலை நீட்டிச் சொன்னார். "உருண்டைய தினம் காலையில மெல்லிசு துணியால துடைக்கணும். ஜாடியத் தொடவே கூடாது. உருண்டையத் துடை. ஜாடியத் தொடாதே."

"சரிடா, சரிடா" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து எங்கள் மாடி எங்களுக்குச் சொந்தமில்லாமல் போயிற்று. துணி காயப்போட்டால் உருண்டைமேல் நிழல் விழும், கூடாது. வடகம் வைத்தால் காக்கை வரும், கூடாது. பாய் உதறக் கூடாது. மாடியைப் பெருக்கக்கூடக் கூடாது, பெருக்கினால் கீழே கிடக்கிற தூசி மேலே எழும்பி ஜாடிக்குள் போய்விடுமாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை போடுவதற்குக்கூட மாமாவிடம் யோசனை கேட்க வேண்டியிருந்தது. கீழே மூட்டை மூட்டையாக மிளகாய் அரைக்கிறார்கள், என் ஒரு கரண்டி சாம்பிராணியிலா உன் துரை மயங்கி விழப்போகிறான் என்று அம்மா கேட்டாள். ஈரத் துணிகளை வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டிக் காயப்போட்டோம். நடந்தால் முகத்தில் அப்பாவின் கைலி வந்து அறையும். என் பள்ளிக்கூடச் சட்டை ஒருநாளும் முழுசாகக் காய்ந்ததில்லை. ஈர நாற்றத்தோடு வகுப்பில் உட்கார்ந்து, மில் மூடுகிற நாளை நினைத்துப் பொறுத்துக்கொண்டேன்.

அட்டை மாற்றுகிற வேலை அப்பாவுக்கு. மில்லிலிருந்து ஏறி வந்து, குளிக்கக்கூட இல்லாமல் நேரே மாடிக்குப் போவார், இருட்டிவிட்டால் பள்ளம் தெரியாது என்று. மத்தியானத்துக்குமேல் மஞ்சள் அரைக்கிறவர் கை எப்படி இருக்கும்? ஒவ்வோர் அட்டையிலும் இரண்டு மஞ்சள் விரல் பதிந்திருக்கும். இது என்ன மஞ்சள் என்று துரை கேட்கிறார், நான் என்னத்தைச் சொல்வது என்று மாமா வந்து குதிப்பார். அப்பா அடுத்த நாள் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு ஏறுவார். அப்படியும் பதியும்.

அந்த அட்டைகளை அப்பா விளக்கு வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்ப்பார். மிளகாய் அரைக்கிற காலை வேளையில் கோடு மெலிந்து கிடக்கிறது என்று அவருக்கு ஓர் எண்ணம். தீபாவளிக்கு மில் மூடியிருந்த அன்று அந்த இடத்தில் கோடு கறுப்பாக, அழுத்தமாக விழுந்திருந்தது. "பார்த்தியா, பார்த்தியா" என்று அம்மாவிடம் காட்டினார். அம்மா பார்த்துவிட்டு, நன்றாகக் கருகியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மாமாவோ அது செல்லாது என்றார். வெயிலை மறைத்தது மேகமா மிளகாய்த் தூளா என்று அட்டை சொல்லாது. அதை ஜாடிதான் சொல்ல வேண்டும்.

முதல் மாதக் கடைசியில் மாமா ஒரு துணிப்பையோடு வந்தார். மாடிக்குப் போனவர் அதே வேகத்தில் இறங்கி வந்தார். முக்காலிமேல் ஜாடி இல்லை. அது அடுக்களையில், எங்கள் பித்தளைக் குடத்துக்கும் சாம்பார்ப் பாத்திரத்துக்கும் நடுவே, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"அக்கா!" என்று மாமா போட்ட சத்தத்தில் கீழே மெஷின் நின்றுவிட்டது.

"ஏன்டா கத்துறே? நீதானே கண்ணாடியத் துடைக்கச் சொன்னே?"

"உருண்டைய அக்கா! உருண்டைய! ஜாடியத் தொடாதேன்னு சொன்னேன்லா!"

"ரெண்டும் கண்ணாடிதானே. எதத் துடைக்கணும், எத விடணும்னு நான் எங்க கண்டேன்?"

மாமா தலையில் அடித்துக்கொண்டார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. ஒரு மாதம் ஈரச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்ததெல்லாம் புளித் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விட்டதே.

இரண்டாவது மாதம் மாமா ஓர் அட்டையில் "தொடாதே" என்று பெரிய எழுத்தில் எழுதி ஜாடியின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டார். அம்மாவுக்குத் தமிழ் நன்றாகவே படிக்கத் தெரியும். நானும் தினம் காலையில் எழுந்ததும், அம்மா ஜாடியத் தொடாதே, அம்மா ஜாடியத் தொடாதே என்று சொல்லிக்கொண்டே பல் துலக்கினேன். ஜாடியின் அடியில் சிவப்பும் பழுப்புமாகக் கலங்கல் படிந்துகொண்டே வந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு உற்சாகம். மாமா வருவதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை வந்து தொலைத்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிறேன், ஜாடி மறுபடியும் அடுக்களையில் கவிழ்ந்து கிடக்கிறது. "தொடாதே" அட்டையையும் துடைத்து, அதன் கழுத்திலேயே திரும்பக் கட்டியிருந்தாள்.

இந்தத் தடவை அவள் சொன்ன காரணம், காக்கை மீன்முள்ளைப் போட்டுவிட்டதாம். வெள்ளிக்கிழமை அதுவுமாக வீட்டில் ஒரு பாத்திரம் நாறிக்கொண்டு இருக்கலாமா? கம்பி வளையத்தைத் தாண்டி எந்தக் காக்கை உள்ளே போயிற்று என்று மாமா கேட்டார். அது என்னிடம் பெயர் சொல்லிவிட்டுப் போகவில்லை என்றாள் அம்மா. மாமா கோப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார். அப்பாவும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. உன் நல்லதுக்குத்தானே இவ்வளவும் என்று அவளிடம் முகம் கொடுக்காமல் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அம்மாவுக்குச் சுத்தப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நான் முடிவுகட்டினேன். எங்கள் சந்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பைத்தியம் உண்டு, எங்கள் வீட்டில் இது என்று தேற்றிக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் துரை பொறுமை இழந்துவிட்டதாகத் தகவல் வந்தது. இந்த மாதமும் ஜாடி வந்து சேராவிட்டால் டவுனுக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்வாராம். அப்பா, அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். இது கடைசித் தடவை. இதையும் கெடுத்துவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. அம்மா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். அவள் தலையாட்டலை நம்ப நான் தயாராக இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன். வெயில் மண்டையைப் பிளக்கும். ஒரு பக்கம் உருண்டை அட்டையைச் சுட்டுக்கொண்டிருக்கும், இன்னொரு பக்கம் நான் காய்ந்துகொண்டிருப்பேன். கறுத்துப்போகிறாயே, எவன் கட்டுவான் உன்னை என்று அம்மா கீழேயிருந்து கத்துவாள். நான் அசையவில்லை.

அந்த மாதம் அம்மாவுக்கு இளைப்பு அதிகமாக இருந்தது. சமைத்துக்கொண்டிருக்கும்போதே பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். அவள் அப்படி நிற்கும்போதெல்லாம் நான் ஓடிப்போய் ஜாடியைப் பார்த்துவிட்டு வருவேன். அதன் அடியில் இருந்த கலங்கல் அந்த மாதம் ஒரு விரற்கடைக்கு ஏறியிருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோம்மா என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

ஜாடியை எடுக்க ஆபீஸ் வண்டி வருகிற அன்று பள்ளிக்கூடம் இல்லை. மத்தியானம் வரும் என்று மாமா சொல்லி அனுப்பியிருந்தார். காலையிலிருந்தே நான் மாடியைவிட்டு நகரவில்லை. பத்து மணி வாக்கில் அம்மா கூப்பிட்டாள். தேக்காவுக்குப் போய் முருங்கைக்கீரை வாங்கி வர வேண்டுமாம். முடியாது என்றேன். எனக்காகவா கேட்கிறேன், அப்பாவுக்குக் கீரை வேண்டுமாம், ஓட்டமாகப் போய் ஓட்டமாக வா என்றாள். அப்பா பெயரைச் சொன்னதால் போனேன். மார்க்கெட்டில் முருங்கைக்கீரை விற்கிறவள் அன்றைக்கென்று வரவில்லை. கெட்டித்தனமாகப் பொன்னாங்கண்ணியை வாங்கிக்கொண்டு, கூட்டத்தில் இடித்துப் பிடித்து, வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தேன்.

மாடிப் படியில் பாதி வழியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். கைப்பிடிக் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தாள். மூச்சு அவளுக்கு உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. உதடு வெளுத்திருந்தது. சேலையின் முன்பக்கமெல்லாம் நனைந்திருந்தது. கீழே அப்போது மிளகாய்தான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது, ஆகவே கத்தினேன். இந்த நிலைமையில் யார் உன்னை மாடி ஏறச் சொன்னார்கள், மாடியில் என்ன உனக்கு வேலை, நான் வந்து செய்ய மாட்டேனா என்று கத்தினேன். அவள் கையை மட்டும் அசைத்து, ஒன்றுமில்லை, போ என்றாள். அவளைத் தாண்டி மேலே ஓடினேன். நல்லவேளை, ஜாடி முக்காலிமேல் அதன் இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. தண்ணீரும் இருந்தது. கம்பி வளையம் இருந்தது, "தொடாதே" அட்டையும் இருந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. கொஞ்ச நேரத்தில் வண்டி வந்து, ஒரு மலாய்க்கார டிரைவர் மேலே ஏறி வந்து ஜாடியின் வாயை இறுக மூடி, சாக்கில் சுற்றிப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார். நான் ஐந்தடி நடையில் நின்று வண்டி சந்து திரும்புகிறவரை பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். வெள்ளைச் சட்டை கசங்கியிருந்தது. எடை போட்டுப் பார்த்ததில், எங்கள் மாடியில் விழுந்த தூசி ஒரு சிட்டிகைகூடத் தேறவில்லையாம். தெம்பனிஸ் தென்னந்தோப்பில் விழுந்ததைவிடக் குறைவு. மசாலா மில்லுக்கு நேர் மேலே, சிங்கப்பூரிலேயே இவ்வளவு சுத்தமான காற்று வேறெங்கும் கிடையாதென்று ஆபீசில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். இனிமேல் லீவு எடுத்தால் மலைக்குப் போக வேண்டாம், உன் அக்கா வீட்டு மாடிக்கே போகலாமே என்று துரையே கேட்டாராம்.

மாமா அம்மாவைப் பார்த்தார். "கழுவினியா?"

அம்மா கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"கழுவிட்டு, வேற தண்ணிய ஊத்தி, திரும்ப வச்சிருக்கே. அப்படித்தானே? ஏன்க்கா? வாயத் திறந்து சொல்லு. நான் யாருக்காக ஆபீஸ்ல அசிங்கப்பட்டேன்?"

"குடிடா, ஆறிடப் போவுது" என்றாள் அம்மா.

அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். நியாயமாகத் திட்டியிருக்க வேண்டும். அவர் எழுந்து வந்து அம்மா கையிலிருந்த கோப்பையை வாங்கி மாமாவிடம் கொடுத்தார். "விடுங்க மாப்ளே. இனிமே வேணாம். எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார். அதற்குமேல் அங்கே நிற்காமல் கீழே மில்லுக்கு இறங்கிப் போனார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குமேல் மூடிக்கிடக்கிற மில்லில் அவருக்கு என்ன வேலை இருக்க முடியும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த வீட்டில் புத்தியோடு நடந்துகொள்ள ஒருவரும் இல்லை.

உருண்டையையும் தாங்கியையும் முக்காலியையும் மாமா எடுத்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் அம்மா மாடியைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக என் சட்டையைக் கொடியில் உதறிப் போட்டாள். நான் மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது அடக்க முடியவில்லை.

"அந்த ஜாடிய நீ சும்மா விட்டிருந்தா துரை எழுதியிருப்பாரு. மில்ல மூடியிருப்பாங்க. உனக்கு இளைப்பு நின்னுபோயிருக்கும்லா!"

"ஆமா, நின்னுபோயிருக்கும்."

"அப்புறம் ஏன்மா?"

"நின்னுபோனா என்ன செய்வேன்?"

இது என்ன கேள்வி என்று இருந்தது எனக்கு. "ராத்திரியில உட்கார்ந்து மூச்சு வாங்காம, நல்லா படுத்துத் தூங்குவே."

"எங்க?"

"எங்கன்னா? நம்ம வீட்டுலதான்."

அம்மா சிரித்தாள். சிரிக்க ஆரம்பித்ததும் இருமல் வந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பையும் நிறுத்த முடியாமல், இருமலையும் நிறுத்த முடியாமல், என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கையைத் தட்டிவிட்டு எழுந்தேன். இவ்வளவு தெளிவான ஒரு விஷயத்தைக்கூடப் புரிந்துகொள்ளாத அம்மாவை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது என்று முணுமுணுத்துக்கொண்டே, அவளுக்குச் சுடுதண்ணீர் கொண்டுவர இறங்கிப் போனேன்.